அழுதவள் கொலைகாரியான கதை

மெக்சிக்கோ நாட்டிலே, ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் மக்கள் தம் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பேய்க்கதை ஒன்றுண்டு. அக்கதையின் நாயகியை மரியா என்பர் சிலர். லூயிசா என்பர் வேறு சிலர். ஆயினும் எல்லோர்க்கும் தெரிந்த பெயர் 'லா யோரோனா' என்பதே. ஸ்பானிய மொழியிலே அதற்கு 'அழுகின்றவள்' என்பது பொருள்.

கதை இதுதான். ஏழைக் குடியிற் பிறந்த பேரழகி ஒருத்தி உயர்குலத்து இளைஞன் ஒருவன்மீது காதல் கொண்டாள். அவனும் அவளை நாடினான். திருமணம் நடைபெறவில்லை, பிள்ளைகள் மட்டும் பிறந்தனர். சில ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் அவன் தன் குலத்துக்கும் செல்வத்துக்கும் ஏற்ற பெண்ணொருத்தியை மணந்துகொண்டான். செய்தியறிந்த அப்பேதை, வெறிகொண்டவளாய்த் தன் பிள்ளைகளை ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றாள். வெறி தணிந்தபோது செய்ததை உணர்ந்தாள், அலறினாள், அந்த ஆற்றங்கரையிலேயே உயிர்நீத்தாள். இறந்தபின்னும் அவளுக்கு அமைதி கிட்டவில்லை. பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொணரும்வரை விண்ணுலகின் கதவு அவளுக்குத் திறவாது. ஆகையால், வெள்ளாடை உடுத்து, கூந்தலை விரித்து, நள்ளிரவிலே நீர்நிலைகளின் ஓரமாக அவள் தன் பிள்ளைகளைக் கூவியழைத்துத் திரிகின்றாள். எதிர்ப்படும் குழந்தைகளைத் தன் குழந்தைகளென்று எண்ணி நீருக்குள் இழுத்துச் செல்வாள் என்பது நம்பிக்கை.

இக்கதை மெக்சிக்கோவில் மட்டும் வழங்குவதன்று. குவாத்தமாலா முதலிய மத்திய அமெரிக்க நாடுகளிலும், 1848 ஆம் ஆண்டிலே மெக்சிக்கோவிடமிருந்து ஐக்கிய அமெரிக்காவின் கைக்குச் சென்ற நியூ மெக்சிக்கோவிலும் இது வழங்குகின்றது. அங்குள்ள சிற்றூர்களிலே பாசன வாய்க்கால்கள் வீட்டு வாசலருகே ஓடும். பொழுது சாய்ந்தபின் பிள்ளைகள் வாய்க்காற் பக்கம் செல்லாதிருக்கத் தாய்மார் இந்த அழுகுரலைச் சொல்லியே அச்சுறுத்துவர். வேலி கட்ட வசதியற்ற ஊரிலே கதையே வேலியாகின்றது.

நேயர்களே, பேய் உண்டா இல்லையா என்பது நம் ஆராய்ச்சியன்று. கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த அழுகின்றவள் எப்பொழுது முதன்முதலாக அழத் தொடங்கினாள்? அப்பொழுது எதற்காக அழுதாள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிச் செல்வோமாயின், வியப்புக்குரிய ஓர் உண்மை வெளிப்படும். பழைய ஏடுகளிலே காணப்படும் அழும் பெண் யாரையும் நீரில் அமிழ்த்திக் கொன்றவளல்லள்.

அந்த ஏடுகளுள் முதன்மையானதை நமக்குத் தந்தவர் பெர்னர்தீனோ தெ சகாகூன் என்னும் ஸ்பானியத் துறவி. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த இவர் 1529 ஆம் ஆண்டிலே, 'புதிய ஸ்பெயின்' என அந்நாளில் அழைக்கப்பட்ட மெக்சிக்கோவுக்கு வந்தார். 1590 இல் அங்கேயே காலமானார். அந்நாட்டுப் பழங்குடிகளின் நாவாத்தல் மொழியை நன்கு கற்று, முதியோரை வினவி, அவர்கள் கூறியவற்றைத் தம் சுதேச மாணவர்களின் துணையுடன் எழுத்திலே பதிந்தார். தெய்வங்கள், சடங்குகள், வான நூல், மருந்து மூலிகைகள், வணிகர் வாழ்க்கை முதலிய யாவும் அதில் அடங்கின. பன்னிரண்டு பாகங்களையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களையும் உடைய அப்பெருநூல் 1577 ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. இன்று அது இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள லோரென்சிய நூலகத்திற் பேணப்படுகின்றது. அந்நகரின் பெயராலேயே அதனைப் 'புளோரன்ஸ் ஏடு' என்று அறிஞர் வழங்குவர்.

அதன் பன்னிரண்டாம் பாகம், ஸ்பானியர் வந்து அஸ்தெக்கப் பேரரசை வீழ்த்திய வரலாற்றைத் தோல்வியுற்ற மக்களின் வாய்மொழியாகவே கூறுகின்றது. ஸ்பானியர் வருமுன் நாட்டிலே எட்டு உற்பாதங்கள் தோன்றினவாம். வானத்திலே தீப்பிழம்பு எழுந்தது; கோயில் தானாகவே தீப்பற்றியது; காற்றில்லாமலே ஏரிநீர் கொந்தளித்தது. இவ்வரிசையிலே ஆறாவதாகக் கூறப்படுவது ஒரு பெண்ணின் அழுகை. இரவுதோறும் ஒரு பெண் அழுதுகொண்டு செல்வதை மக்கள் கேட்டனர். பிள்ளைகளே, நாம் அழியப்போகின்றோம், உங்களை நான் எங்கே கொண்டு செல்வேன் என்னும் கருத்துப்பட அவள் புலம்பினாள் என்கின்றது அந்நூல். இவள் பிள்ளைகளைக் கொன்றுவிட்டு வருந்துபவளல்லள். வரவிருக்கும் கேட்டினின்றும் பிள்ளைகளைக் காக்க வழியறியாது கலங்கும் தாய்.

அவள் யார் என்பதற்கும் அதே நூலின் முதற்பாகத்திலே குறிப்புண்டு. சிவாக்கோவாத்தல் என்னும் தெய்வம் இரவிலே அழுது திரியும் என்றும், அவ்வழுகை போருக்கு முன்னறிகுறி என்றும் அங்கே சொல்லப்படுகின்றது. 'பாம்புப் பெண்' என்பது அப்பெயரின் பொருள். வெள்ளையுடை அவள் கோலம். முதுகிலே தொட்டில் சுமந்து வந்து, சந்தையிலே பெண்களிடையே அதை வைத்துவிட்டு மறைந்துவிடுவாள். தொட்டிலைத் திறந்து பார்த்தால் குழந்தைக்குப் பதிலாகப் பலியிடும் கற்கத்தி கிடக்கும். அச்சந்தரும் தெய்வந்தான். ஆயினும், மக்கட்குலத்தைப் படைக்கும் பொருட்டுப் பழைய எலும்புகளை அரைத்து மாவாக்கியவளும் அவளே என்பது அம்மக்களின் புராணம். பிரசவ வேளையிலே மருத்துவச்சி அவளையே வேண்டுவாள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களைப் போர்க்களத்தில் வீழ்ந்த வீரர்க்கு நிகராக வைத்துப் போற்றியது அச்சமுதாயம். அப்பெண்கள் உச்சிவானிலிருந்து மேற்குவரை கதிரவனுக்குத் துணைசெல்வர் என்றும், குறித்த சில நாட்களிலே மண்ணுலகுக்கு இறங்கி நாற்சந்திகளில் நின்று குழந்தைகளுக்குத் தீங்கு விளைப்பர் என்றும் நம்பினர். தாய்மையும் மரணமும் அந்நம்பிக்கையிலே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்த எட்டு உற்பாதங்களும் உண்மையிலேயே ஸ்பானியர் வருகைக்கு முன்னர்த் தோன்றினவென்று வரலாற்றறிஞர் பலர் ஏற்பதில்லை. அவை எழுத்தில் ஏறியது நகரம் வீழ்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே. எழுதிய மாணவர்களோ 1536 இல் தலதெலோல்கோவில் நிறுவப்பட்ட கல்லூரியில் இலத்தீன் பயின்றவர்கள். பண்டை உரோம நூல்களிலே நகரங்களின் அழிவுக்கு முன் தோன்றும் தீக்குறிகளைப் படித்தறிந்தவர்கள். ஆகவே, பேரழிவு நேர்ந்த பின்னர், அதற்குரிய காரணத்தைத் தேடிய உள்ளங்கள் இவ்வடையாளங்களைப் பின்னோக்கி அமைத்துக்கொண்டன எனக் கருத இடமுண்டு. அவ்வாறு கொண்டாலும் அழுகையின் மதிப்புக் குறைவதில்லை. அது 1519 ஆம் ஆண்டுக்கு முன் கேட்ட குரலன்றாயின், அதற்குப் பின் உயிர்தப்பியவர்களின் குரலாகும். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்பதை வரலாறு தெளிவாகவே அறியும்.

1519 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் திகதி, எர்னான் கொர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தளபதி, தெஸ்கோக்கோ ஏரியின் நடுவே தீவாக அமைந்திருந்த தெனோச்தித்லான் நகருள் நுழைந்தான். பேரரசன் மொக்தெசூமா அவனை வரவேற்றான். அடுத்த ஆண்டிலே வைசூரி நோய் புகுந்தது. அதற்குமுன் அந்நோயைக் கண்டறியாத மக்கள் ஆயிரமாயிரமாக மடிந்தனர். 1521 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆந் திகதி, நெடுநாள் முற்றுகைக்குப் பின்னர் நகரம் வீழ்ந்தது. துயரம் அத்துடன் முடியவில்லை. 1545 இலும் 1576 இலும் பெருங் கொள்ளைநோய்கள் தோன்றின. முதலாவது நோயின்போது தலதெலோல்கோவிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்களைத் தாம் அடக்கஞ் செய்ததாகச் சகாகூன் துறவியே எழுதிவைத்துள்ளார். இரண்டாவது நோய் பரவியபோது அவருடைய பெருநூல் முடிவுறும் தறுவாயில் இருந்தது. நோய்க்கு நடுவிலேயே ஏட்டை எழுதியவர்கள் எழுதினர். ஓவியர் ஓவியந் தீட்டினர். அழும் பெண்ணின் கதை எத்தகைய சூழலிலே எழுத்துருப் பெற்றது என்பதை இதனால் உணரலாம். உங்களை எங்கே கொண்டு செல்வேன் என்ற வினா அந்நாளில் வீட்டுக்கு வீடு எழுந்த வினா.

அங்ஙனமாயின் அழுதவள் கொலைகாரியானது எவ்வாறு?

கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் படைகளையும் நோய்களையும் மட்டுமன்றிக் கதைகளையும் கொண்டுவந்தனர். கைவிடப்பட்ட பெண் தன் பிள்ளைகளைக் கொல்லும் கதை ஐரோப்பாவுக்குப் பழையது. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 431 இல் அரங்கேற்றிய 'மீடியா' அத்தகையதே. ஜேர்மனியிலே 'வெள்ளைச் சீமாட்டி' என்னும் ஆவியின் கதையும் உண்டு. ஓர்லமுண்டே என்னும் ஊரின் பிரபுவுக்கு மனைவியாயிருந்து கைம்மையடைந்த குனிகுண்டே என்பவள், நியூரம்பேர்க் பிரபுவாகிய அல்பிரெக்டை விரும்பினாள். நான்கு கண்கள் இடையில் நில்லாவிடின் மணப்பேன் என்று அவன் கூறினான். அவன் கருதியது தன் பெற்றோரின் கண்களை. அவளோ தன் பிள்ளைகள் இருவரின் கண்கள் என மயங்கி அவர்களைக் கொன்றாள், ஆவியாய் அலைந்தாள். லா யோரோனா கதைக்கும் இதற்குமுள்ள ஒற்றுமையை பாசில் கேர்ட்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1960 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். இதிலே சிந்திக்கத்தக்க ஒன்றுண்டு. வரலாற்றிலே வாழ்ந்த குனிகுண்டேக்குப் பிள்ளைகளே இல்லை. இல்லாத பிள்ளைகளைக் கொன்ற பழியைக் கதை அவள்மீது சுமத்திவிட்டது!

மெக்சிக்கோ நகரிலே வழங்கிய மரபின்படி, பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இரவு மணி ஒலித்துக் கதவுகள் அடைபட்டபின், வெள்ளாடைப் பெண்ணொருத்தி தெருக்களில் அழுதுகொண்டு நடந்து, பெரிய சதுக்கத்தை அடைந்து, கிழக்கு நோக்கி முழந்தாளிட்டுக் கதறி, ஏரிக்கரையிலே மறைவாளாம். அவள் ஏன் அழுதாள் என்பதற்கு ஒருவர் சொன்ன காரணத்தை மற்றொருவர் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் மனுவேல் கார்ப்பியோ இப்பொருளிற் பாடிய பாடலிலே, அழும் ஆவி கணவனாற் கொலையுண்ட ரொசாலியா என்னும் பெண்ணாகவே வருகின்றாள். அங்கே அவள் கொன்றவளல்லள், கொல்லப்பட்டவள் என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள். 1821 இல் நாடு விடுதலை பெற்றபின், எழுத்தாளர்கள் தம் நாட்டுக்கே உரிய பழங்கதைகளைத் தேடித் தொகுத்தனர். விசென்தே ரீவா பலாசியோவும் குவான் தெ தியோஸ் பேசாவும் செய்யுளிலே தொகுத்து 1885 இல் வெளியிட்ட மெக்சிக்க மரபுக் கதைகளிலே லா யோரோனாவும் இடம்பெற்றாள். காதலனின் துரோகம், அவனுடைய மணவிழா, தாயின் வெறி, பிள்ளைகளின் கொலை என்ற கதைப்போக்கு அச்சு நூல்களாலும் நாடக மேடையினாலும் நிலைபெற்றது. 1933 இல் ரமோன் பெயோன் இயக்கிய 'லா யோரோனா' என்னும் பேசும்படம் அவளை வெள்ளித்திரைக்கும் கொணர்ந்தது.

இன்னொரு பெண்ணின் பெயரும் இக்கதையோடு பிணைக்கப்பட்டது. மலின்சின் என்றும், மலின்சே என்றும், ஸ்பானியராலே மரீனா என்றும் அழைக்கப்பட்டவள் அவள். 1519 இல் தபாஸ்கோப் பகுதி மக்கள் போரில் தோற்றபின் கொர்த்தேசுக்குக் காணிக்கையாகக் கொடுத்த இருபது பெண்களுள் ஒருத்தி. நாவாத்தல், மாயா ஆகிய இரு மொழிகளும் அறிந்தவளாதலால் படையெடுப்பிலே மொழிபெயர்ப்பாளராயினாள். கொர்த்தேசுக்கு அவள் பெற்ற மகன் மார்த்தீன். பிற்காலத்தார் அவளை நாட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று இகழ்ந்ததோடு, லா யோரோனா அவளே என்றும், தன் மகனைக் கொன்றவள் என்றும் கதை கட்டினர்.

உண்மை யாதெனில், அவள் மகனைக் கொல்லவில்லை. 1528 ஆம் ஆண்டிலே கொர்த்தேஸ் ஸ்பெயினுக்குச் சென்றபோது ஆறு வயதளவினனான மார்த்தீனையும் உடன் கொண்டுசென்றான். மறு ஆண்டிலே பாப்பரசர் ஏழாம் கிளெமெந்து அச்சிறுவனை முறைப்படி பிறந்த மகனாக அங்கீகரித்து ஆணை வழங்கினார். அவ்வாணை மைந்தனுக்குத் தந்தையின் பெயரைத் தந்தது. தாயின் மடியை மீட்டுத் தரவில்லை. 1529 ஆம் ஆண்டளவில் மலின்சின் இறந்தாள் என்பர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயே கதையிலே பிள்ளையைக் கொன்ற தாயாக மாறிவிட்டாள்.

நேயர்களே, இந்த மாற்றத்தின் உட்பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் குழந்தைகள் கொள்ளைநோயினாலும் போரினாலும் கடுமையான உழைப்பினாலும் இலட்சக்கணக்கில் மாண்டனர். ஸ்பானிய ஆடவர்க்கும் சுதேசப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலர் தந்தையின் பெயரின்றி வளர்ந்தனர். இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளிகள் யாவர் என்று கேட்டால் விடை நீளும். படைத்தலைவர், நிலவுரிமையாளர், மணவாக்கைக் காவாத ஆடவர் எனப் பலர் அவ்விடையிலே அடங்குவர். கதையோ அந்த நீண்ட விடையைச் சுருக்கி, ஒருத்தியின் பெயரை மட்டும் விட்டுவைத்தது. கைவிட்ட ஆடவன் மணமேடையோடு கதையிலிருந்து விலகிவிடுகின்றான். அவனுடைய ஆவி எந்த ஆற்றங்கரையிலும் அலைவதில்லை. தண்டனை முழுவதும் அவளுக்கே. இதனை எவரோ ஒருவர் சதியாகத் திட்டமிட்டுச் செய்தார் என்று கூறுவதற்கில்லை. சொல்பவர் பலராகவும் காலம் நெடியதாகவும் இருக்கும்போது, எளியவர் பக்கமாகவே பழி சரிந்து வீழ்கின்றது.

ஆயினும் மக்கள் நினைவு முற்றாக மங்கிவிடவில்லை. தென் மெக்சிக்கோவின் தெவாந்தெப்பெக் பகுதியிலே 'லா யோரோனா' என்ற பெயரில் வழங்கும் நாட்டுப்பாடல் அவளைப் பழித்துரைப்பதன்று. காதலும் துயரமும் கலந்து அவளை விளித்து உருகுவது. சவேலா வர்காஸ் என்னும் பாடகியின் கரகரத்த குரலில் உலகெங்கும் பரவிய பாடல் அது. ஐக்கிய அமெரிக்காவிலே மெக்சிக்க வழிவந்த எழுத்தாளர் சன்ட்ரா சிஸ்நேரோஸ் 1991 இல் வெளியிட்ட சிறுகதையொன்றிலே, கணவனின் அடி தாங்காத இளந்தாய் ஒருத்தி, அழும் பெண்ணின் நினைவைத் தாங்கிய ஓர் ஓடையைக் கடந்து பிள்ளையுடன் தப்பிச் செல்கின்றாள். வண்டி ஓடையைக் கடக்கும்போது அதை ஓட்டிச் செல்லும் பெண் உரக்கக் கூவுகின்றாள். அது அழுகையன்று, விடுதலையின் ஆரவாரம்.

குவாத்தமாலாவில் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. அந்நாட்டின் நெடிய உள்நாட்டுப் போரிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமற் போயோ உள்ளனர் என்றும், அடையாளங் காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயா இனத்தவர் என்றும் ஐக்கிய நாடுகளின் ஆதரவுடன் அமைந்த உண்மை அறியும் ஆணைக்குழு 1999 இல் அறிவித்தது. 1982, 1983 ஆம் ஆண்டுகளில் நாட்டை ஆண்ட படைத்தளபதி எப்ரயின் ரியோஸ் மொந்த், இனப்படுகொலைக் குற்றவாளியென 2013 மே மாதத்தில் தீர்ப்பளிக்கப்பெற்றார். பத்து நாட்களுள் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மறு விசாரணை முடியுமுன் 2018 இல் அவர் காலமானார். அதற்கடுத்த ஆண்டிலே, ஹைரோ புஸ்தமாந்தே என்னும் குவாத்தமாலா இயக்குநர் 'லா யோரோனா' என்ற திரைப்படத்தை வெளியிட்டார். அதிலே அழும் ஆவி ஒரு மாயாப் பெண். அவளுடைய பிள்ளைகளை நீரில் அமிழ்த்திக் கொன்றவர்கள் படையினர். அவள் சென்று நிற்கும் இடம் ஆற்றங்கரையன்று. நீதிமன்றத்திலிருந்து தப்பிய முதிய தளபதியின் இல்லம். நெடுங்காலமாகத் தாயின் தோளிற் கிடந்த பழி அந்தப் படத்திலே உரியவரின் வாசலுக்குச் சென்று சேர்ந்தது.

இன்று தெஸ்கோக்கோ ஏரியின் பெரும்பகுதி இல்லை. வெள்ளத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர்கள் 1607 ஆம் ஆண்டிலே அதை வடிக்கத் தொடங்கினர். 1900 இல் திறந்துவைக்கப்பட்ட பெருங் கால்வாய் அவ்வேலையை மேலும் முன்னெடுத்தது. பழைய நீர்ப்பரப்பின் எச்சமாக நகரின் தெற்கே சொச்சிமில்கோ வாய்க்கால்கள் எஞ்சியுள்ளன. ஆண்டுதோறும் இறந்தோர் திருநாளை ஒட்டி அங்கே, இருளிலே படகுகளில் அமர்ந்திருக்கும் மக்களுக்கு முன்பாக, அழும் பெண்ணின் கதையை நடித்துக் காட்டுகின்றனர். ஏரி வற்றியும் அழுகை வற்றவில்லை.

பழங்கதை ஒன்றைக் கேட்கும்போது, அது யாரை அச்சுறுத்துகின்றது என்பதோடு நின்றுவிடாமல், யார்மீது பழி சுமத்துகின்றது, யாரைப் பேசாமல் விட்டுவிடுகின்றது என்றும் கேட்பது நன்று. பிள்ளைகளை எங்கே கொண்டுசென்று காப்பேன் என்று அழுத தாயைப் பிள்ளைகளைக் கொன்றவளாகக் காலம் மாற்றியது. அவள் முதலில் கேட்ட கேள்விக்கு விடை கூற வேண்டிய கடன் அவளுடையதன்று.